வீட்டுத் தொட்டியில் மாண்டிஸ் இறால்

நேயர்களுக்கு வணக்கம்.

மாண்டிஸ் இறால், இறாலைப் போன்ற ஓடுள்ள ஒரு கடல் பிராணி. அதன் பெயரைச் சொன்னதும் பலருக்கும் நினைவுக்கு வருவது அது அடிக்கும் அடிதான். மடித்து வைத்திருக்கும் முன்காலை அது நொடிக்கு 23 மீட்டர் வேகம் வரை வீசுகிறது என்று 2004-இல் ஷீலா படேக் குழுவினர் அளந்து சொன்னார்கள். இங்கிலாந்தின் கிரேட் யார்மவுத் கடல்வாழ் காட்சியகத்தில் 1998-இல் டைசன் என்று பெயர் வைக்கப்பட்ட ஒன்று தொட்டிக் கண்ணாடியையே உடைத்தது. அதனால், வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பதே "கண்ணாடி தாங்குமா?" என்றுதான். கண்ணாடி உடைவது அபூர்வம். ஒளிந்து வாழச் சரியான வளை இல்லாமலும், பழைய ஓட்டைக் கழற்றித் தோலுரிக்கிற நேரத்தில் நிம்மதி இல்லாமலும் சாகிறவைதான் அதிகம்.

கண்ணாடிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். ஆறேழு சென்டிமீட்டரோடு நின்றுவிடும் சின்ன வகைகளால் ஆபத்தில்லை. 40 லிட்டர் தொட்டி போதும். பீகாக் மாண்டிஸ் என்ற பெரிய வகை 18 சென்டிமீட்டர் வரை வளரும். அதற்கு 150 லிட்டருக்குக் குறையாத தொட்டி வேண்டும், அக்ரிலிக் என்ற கெட்டியான பிளாஸ்டிக்காக இருந்தால் நல்லது. கண்ணாடித் தொட்டிதான் கைவசம் என்றால், அடியில் ஓர் அக்ரிலிக் தகடு போட்டு அதன்மேல் மணல் பரப்புங்கள். குழி பறிக்கும்போது அடிப்பக்கம் அடி வாங்கும்.

நம் கரையோரத்தில் விசைப்படகுகளின் இழுவலையில் வருகிறதே, அது வேறு வகை. சேறும் மணலும் கலந்த தரையில் வளை தோண்டி, மீனைக் குத்திப் பிடிப்பது. வலையில் நசுங்கி வந்ததைத் தொட்டியில் விட்டுப் பயனில்லை. நான் சொல்வதெல்லாம் நத்தையையும் நண்டையும் அடித்து உடைக்கும் வகைக்கு.

இனி வளை. ஐந்து சென்டிமீட்டர் பிராணிக்கு முக்கால் இஞ்ச் பிவிசி குழாயில் 12 முதல் 15 சென்டிமீட்டர் துண்டு போதும். 12 சென்டிமீட்டர் பீகாக் என்றால் இரண்டு இஞ்ச் குழாய், இரு முனையிலும் ஒவ்வொரு எல்போ (வளைந்த இணைப்பு), மொத்த நீளம் 40 முதல் 50 சென்டிமீட்டர். அது உள்ளேயே குட்டிக்கரணம் போட்டுத் திரும்பும். அதற்கு இடம் வேண்டும், தொளதொளவென்றும் இருக்கக் கூடாது. குழாயின் உட்புறத்தை உப்புத்தாளால் தேய்த்துக் கழுவினால் காலுக்குப் பிடிமானம் கிடைக்கும். வாய் இரண்டு மட்டும் வெளியே தெரிய, குழாயை மணலில் புதையுங்கள். வெள்ளைக் குழாயில் வெளிச்சம் கசியும், அதனால் மூடாமல் விடாதீர்கள். கற்களை மணல் கொட்டும் முன்பே தொட்டியின் அடித்தளத்தில் நிற்க வையுங்கள். மணல்மேல் வைத்தால், பிராணி அடியில் பறிக்கப் பறிக்கக் கல் சரிந்து அதன்மேலேயே விழும்.

பக்கத்தில் உடைந்த சிப்பி, சிறு கூழாங்கல், செராமிக் சில்லு என்று பல அளவில் இரண்டு கை போட்டு வையுங்கள். ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து, திருப்பித் திருப்பிப் பொருத்தி, வளை வாயை அதுவே அடைத்துக்கொள்ளும். பவளத் துண்டுகளைக் கடலிலிருந்து எடுத்துவர வேண்டாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

பவளத் தொட்டிக்குப் போடும் பளிச்சென்ற விளக்கு பீகாக்குக்கு ஆகாது. அது சற்று ஆழத்தில், மங்கலில் வாழ்வது. வெளிச்சம் அதிகமாகி, ஒதுங்க இருட்டு வளையும் இல்லாவிட்டால் ஓட்டில் பழுப்பாக, கறுப்பாக அரித்த குழிகள் தோன்றும். அடுத்த தோலுரிப்பிலும் போகாமல் பரவினால் காப்பாற்றுவது கடினம். வாங்கும்போதே இதைப் பார்த்துவிடுங்கள்.

தண்ணீரைப் பொறுத்தவரை மற்ற கடல்நீர்த் தொட்டிகளுக்கு உள்ளதுதான்: ஆர்ஓ நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் கடலுப்புக் கலவை, அடர்த்தி 1.025, வெப்பம் 24 முதல் 27 டிகிரி. பிராணி இல்லாமலேயே தொட்டியை நான்கு முதல் ஆறு வாரம் ஓடவிட்டு, நீரில் சேரும் நச்சுகளான அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமான பிறகே பிராணி வர வேண்டும். ஆவியாகிக் குறைந்த நீருக்கு உப்புநீர் ஊற்றுவது பலர் செய்யும் தவறு. ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு அங்கேயேதான் இருக்கும். உப்புக் கலக்காத ஆர்ஓ நீரை மட்டும் ஊற்றுங்கள். செவுள்கள் நீந்தும் கால்களில் இருப்பதால், கோடையில் நீர் 30 டிகிரியைத் தாண்டி ஆக்சிஜன் குறைந்தால் அங்கேதான் திணறல். மேலே விசிறி வையுங்கள், முடிந்தால் சில்லர் என்ற நீர் குளிர்விக்கும் கருவி. மீன்களின் வெள்ளைப்புள்ளி நோய்க்குத் தாமிர மருந்து போட்ட தொட்டி வேண்டவே வேண்டாம். கல்லிலும் மணலிலும் தாமிரம் தங்கியிருந்து கொன்றுவிடும்.

தீனி வாரத்துக்கு இரண்டு மூன்று முறை: நத்தை, சிறு நண்டு, மட்டி, இடையிடையே இறால் சதை. நீண்ட இடுக்கியால் கொடுங்கள். கையை விட்டால் விரல் பிளந்துவிடும். மிச்சத்தை அன்றே எடுத்துவிடுங்கள். துணைக்கு இன்னொரு பிராணி விடலாமா என்றால், விடலாம், அது சாப்பாடு.

ஒருநாள் சாப்பிடாது. நிறம் மங்கும், வளை வாய் இரண்டும் கல்லால் அடைபடும். செத்துவிட்டதோ என்று பயந்து கல்லை நகர்த்தத் தோன்றும், நகர்த்தாதீர்கள். தோலுரிக்கப் போகிறது. ஒரு வாரம், சிலசமயம் இரண்டு வாரம்கூட ஆகும். அந்த நாட்களில் உப்பின் அளவு ஏறி இறங்கினாலோ, யாராவது வளையைக் கலைத்தாலோ பாதி உரித்த நிலையில் மாட்டிக்கொள்ளும். உங்கள் வேலை அமோனியாவைச் சோதிப்பது மட்டும்தான். இறந்திருந்தால் அளவு ஏறும், நாற்றமும் வரும்.

உரித்த சட்டை கண்ணாடிபோல மெல்லியதாக, கண் முதல் வால் வரை முழு உருவமாக வெளியே வந்து கிடக்கும். அவசரப்பட்டு எடுக்க வேண்டாம், சில அதையே தின்னும். புது ஓடும் அடிக்கும் காலும் இறுகச் சில நாள் ஆகும். அதுவரை நண்டு போடக் கூடாது. நண்டு அதைக் கடித்துவிடும். முதலில் இறால் சதையைச் சிறு துண்டாக வாயருகே நீட்டுங்கள். இரண்டு வேளை ஒழுங்காக வாங்கிக்கொண்டால், பிறகு மெல்லிய ஓட்டு நத்தையிலிருந்து ஆரம்பிக்கலாம்.

வணக்கம்.