சுவரை வைத்துத்தான் சித்திரம்

(அழகர்மலைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், பழைய பள்ளிக் கட்டடத்தில் மாதந்தோறும் நடக்கும் குடும்பக் கலைப் பட்டறையின் ஆண்டு விழாவில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம்.

முதலில் மேடையைக் கவனித்துவிடுகிறேன். இல்லாவிட்டால் இறங்கியதும் கேட்பார்கள். இந்த ஊராட்சியின் முன்னாள் தலைவர் அம்மா அவர்களே. இந்தக் கட்டடத்தின் சாவியை நம்மிடம் கொடுக்க ஏழு தடவை யூனியன் ஆபீசுக்கு நடந்தவர் அவர். ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் வந்திருக்கும் கல்வி அலுவலர் ஐயா அவர்களே. ஊர் அம்பலம் ஐயா அவர்களே, கடிகாரத்தை இப்போதே பார்க்க வேண்டாம், இன்னும் நான் ஆரம்பிக்கவில்லை. இந்தப் பள்ளியைக் கடைசியாகப் பூட்டிவிட்டுப் போன தலைமையாசிரியை அவர்களே. ஓடு மாற்றித் தந்த பழைய மாணவர்களே. காலையிலிருந்து மைக்கோடு மல்லுக்கட்டும் தம்பி, உங்களுக்கும் வணக்கம். சால்வைக்குப் பதிலாக விளாச்சேரி மண்பொம்மை ஒன்றை எனக்குக் கொடுத்தீர்கள். என் வீட்டில் சால்வை வைக்க இடமில்லை. பொம்மைக்கு எப்படியாவது இடம் செய்துவிடுவேன்.

மூன்று விஷயம் சொல்லலாம் என்று வந்தேன். குடும்பமாக உட்கார்ந்து கைவேலை செய்வது ஏன் நல்லது என்பது ஒன்று. நம் வட்டாரத்துக் கைத்தொழில்கள் இரண்டாவது. பள்ளிக்கூடங்களில் ஓவிய வகுப்பின் நிலைமை மூன்றாவது. பார்ப்போம், எது எதற்கு நேரம் கிடைக்கிறது என்று.

‘சுவரை வைத்துத்தான் சித்திரம்’ என்று ஒரு பழமொழி. டாக்டர்கள் அதை நம்மிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். சர்க்கரையைக் குறை, உப்பைக் குறை, சுவர் இருந்தால்தானே சித்திரம் என்கிறார்கள். நான் முப்பது வருடம் ஓவிய வாத்தியார். எனக்குச் சுவர் என்றால் சுவர்தான். இதோ இந்தச் சுவர்.

சரி, குடும்ப விஷயத்துக்கு வருகிறேன். குடும்பமாகப் படம் பார்ப்பது மதுரைக்குப் புதிதல்ல. பரிபாடலில் பத்தொன்பதாம் பாட்டை எடுத்துப் பாருங்கள். திருப்பரங்குன்றத்தில் எழுத்துநிலை மண்டபம் என்று ஒன்று. எழுத்து என்றால் அங்கே ஓவியம். முருகனைக் கும்பிட வந்த கூட்டம் சுவருக்கு முன்னால் நிற்கிறது. இவள் யார், இவன் யார் என்று ஒருத்தர் கேட்க, இது ரதி, இது காமன் என்று இன்னொருத்தர் சொல்கிறார். இதோ இந்திரன், இதோ பூசை, இவள் அகலிகை என்று விரலை நீட்டுகிறார்கள். பூசை என்றால் பூனை. கௌதமர் வந்ததும் இந்திரன் பூனையாகிப் பதுங்குகிறான். அந்தப் பூனையைக் கண்டதும் எந்தப் பிள்ளையாவது சிரிக்காமல் இருந்திருக்குமா? பாட்டு நம் கையில் இருக்கிறது. அந்த மண்டபத்தில் எழுதிய சித்திரம் ஒன்றுகூட இல்லை. சுவரை வைத்துத்தான் சித்திரம்.

இங்கே நமக்கு ஒரே ஒரு விதிதான். பிள்ளையை இறக்கிவிட்டுக் கடைக்குப் போகக் கூடாது. கூட வந்தவரும் தரையில் உட்கார வேண்டும். போன வருடம் மாசி மாதம், மண் பிசையும் பட்டறை. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வாசல் நிலையில் சாய்ந்தபடி போன். அந்தப் பிள்ளை, “அப்பா, நம்ம மாட்டச் செஞ்சு தாங்கப்பா” என்றது. பட்டறை என்று சொல்லியிருந்தால் வந்திருக்க மாட்டார். மாடு என்றதும் போன் பைக்குள் போய்விட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக் குத்த வைத்து உட்கார்ந்தார்.

உட்கார்ந்தவர் முதலில் எதைச் செய்தார் தெரியுமா? திமிலை! அப்படி ஒரு திமில், அழகர்மலை மாதிரி. அப்புறம் கழுத்து, கொம்பு. பக்கத்தில் தன் மகனுக்கு உருண்டை உருட்டிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்து, “பங்காளி, கொம்பு இப்படியா போகும்? கறவ மாடு மாதிரில்ல இருக்கு” என்றார். அவ்வளவுதான். “இது புளிக்குளத்து மாடுய்யா, கொம்பு உள்ளதான் வளையும்” என்று இவர். “எங்க வீட்டுலயும் புளிக்குளம்தான் நிக்குது” என்று அவர். கால் மணி நேரத்தில் ஐந்து ஆம்பளைகள் ஒரு மாட்டைச் சுற்றி. வீட்டு அம்மாக்கள் சிரிக்கிறார்கள். மாடு கேட்ட பிள்ளையை முழங்கையால் தள்ளிவிட்டார்கள். அது பாவம், ஓரமாகப் போய்த் தனியாக ஒரு கோழி செய்துகொண்டது. நல்ல கோழி.

கடைசியில் தீப்பெட்டி உசரத்துக்கு நாலு கால் ஒட்டி, மாட்டைத் தூக்கி நிறுத்தினார்கள். கையை எடுத்ததும் முன்னங்கால் மடிந்தது. பின்னங்காலும் மடிந்தது. வாடிவாசலைத் தாண்டாமலே காளை படுத்துவிட்டது.

மூலையில் பேத்தியோடு இருந்த அப்பத்தா ஒருவர், மண் வேலை செய்யும் வேளார் வீட்டுக்காரர், அதுவரை வாயே திறக்கவில்லை. அப்போதுதான் சொன்னார்: “கால நிப்பாட்டாம திமில வச்சா எப்படிய்யா நிக்கும்? எங்க வீட்ல அய்யனார் குதிரைக்குக் காலத்தான் மொதல்ல செய்வோம். உள்ள பொந்தா இருக்கணும், இல்லாட்டிச் சூளையில வெடிச்சிரும். மண்ணுல மணலும் உமியும் சேக்கணும். நெழல்ல ஒரு நா வச்சு, கொஞ்சம் இறுகுனப்புறந்தான் மேல வயிறு.” சொல்லி முடித்துவிட்டு, “செவுரில்லாமச் சித்தரமா?” என்றார். அன்றைக்கு நான் அந்தப் பழமொழியை இன்னும் சொல்லியிருக்கவில்லை! என்னைத் தெரிந்தவர்கள் எல்லாரும் என் பக்கம் திரும்பிச் சிரித்தார்கள்.

அடுத்த மாதம் அந்த மனிதர் பைக்கில் வந்தார். ஈரத் துண்டில் சுற்றி நாலு கால் மட்டும் கொண்டுவந்தார். அந்தக் காளை இப்போது உங்கள் பின்னால் அலமாரியில் நிற்கிறது. கொம்புச் சண்டை மட்டும் இன்னும் தீரவில்லை.

இரண்டாவது விஷயம், கைத்தொழில். முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்க்கும் மதுரைச் சுங்குடிச் சேலைக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்று பெருமையாகப் பேசுகிறோம். இங்கே ஒரு கைக்குட்டைக்கு நாற்பது முடிச்சுப் போட்டுப் பார்த்தபோதுதான், ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சுப் போடும் சௌராஷ்டிரப் பெண்களின் விரலைப் பற்றி நமக்குத் தெரிந்தது. சாயம் காய்ந்ததும் துணியை இரண்டு பக்கமும் இழுத்தால் முடிச்சுகள் பொட்டுப் பொட்டென்று தெறிக்கும். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வெள்ளைப் புள்ளி. இதைப் பற்றி நிறையச் சொல்லலாம். நேரமில்லை.

ஏனென்றால் நான் வந்தது சுவருக்காக. மன்னிக்க வேண்டும், அதைச் சொல்லிவிடுகிறேன்.

பிள்ளைகள் குறைந்து, மிச்சமிருந்த ஒன்பது பேரும் பக்கத்து ஊருக்குப் போன பிறகு இந்தக் கட்டடத்தை இடிக்கப் பார்த்தார்கள். ஒன்றரை அடிச் சுண்ணாம்புச் சுவர், பனங்கை, சீமை ஓடு. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது, உள்ளே ஃபேன் இல்லாமல் நூறு பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். இதற்கு இருந்த ஒரே வியாதி, நடுவில் யாரோ சிமெண்ட் பூசியது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுக்கும், வெளியேயும் விடும். சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். உப்புப் பூக்கும், உதிரும். பார்க்கிறவர்கள் சுவர் செத்துப்போச்சு என்பார்கள். நாம் சிமெண்டைக் கொத்தி எடுத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரில் சுண்ணாம்பு குழைத்துப் பூசினோம். அதுவே நம் முதல் பட்டறை. மிச்சச் சுண்ணாம்பை ஒரு பையன் மஞ்சள் கரைத்த சட்டியில் போட்டான். சட்டியெல்லாம் சிவப்பு. பயந்து போய், “நான் ஒண்ணும் பண்ணல சார்” என்றான். ஆரத்தித் தட்டில் வாராவாரம் பார்க்கிற சிவப்புத்தான்! அன்றைக்கு அதையே வர்ணமாக வைத்து வாசலில் தாமரை எழுதினோம்.

எதிர்க்கேள்வி எனக்குத் தெரியும். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்களைப் பறிகொடுத்தோம். அதற்குப் பிறகு மாநிலம் முழுக்கப் பழுதான பள்ளிக் கட்டடங்களை இடிக்கச் சொன்னார்கள். சரியான உத்தரவு, அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் பழையது வேறு, பழுதானது வேறு. ஜேசிபி வருவதற்கு முன்னால், சுண்ணாம்பு தெரிந்த ஒரு கொத்தனாரும் ஒரு இன்ஜினியரும் வந்து தட்டிப் பார்க்கட்டும். விழும் என்றால் இடியுங்கள், நானே கூட நிற்கிறேன். நிற்கும் என்றால் சாவியை ஊரிடம் கொடுங்கள். கல்வி அலுவலர் ஐயா, உங்களைத் தர்மசங்கடப்படுத்த இதைச் சொல்லவில்லை. தலையை ஆட்டினீர்கள், அதைக் கூட்டம் பார்த்துவிட்டது, போதும்.

அக்டோபர் 2 கிராம சபையில், சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் உங்கள் ஊர்ப் பழைய பள்ளிக்கூடத்துக்கு இப்படி ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். வாயால் சொன்னால் போதாது, பதிவேட்டில் ஏற வேண்டும். எழுதித் தர ஆள் வேண்டுமென்றால் நம் தலைமையாசிரியை டீச்சர் இருக்கிறார்கள். அவர்கள் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும்.

மூன்றாவது விஷயம், ஓவிய வகுப்பு. 2012-இல் அரசுப் பள்ளிகளுக்குப் பகுதிநேர ஆசிரியர்களாக வாரத்துக்கு மூன்று அரைநாள் என்று எடுத்தார்கள், ஓவியமும் அதில் ஒன்று. அதைப் பேச ஆரம்பித்தால் நான் கோபப்படுவேன். அம்பலம் ஐயா கடிகாரத்தைக் கழற்றியே கையில் வைத்துவிட்டார்.

பின்கட்டில் சுண்ணாம்பு மூன்று வாரமாகத் தொட்டியில் ஊறிக் கிடக்கிறது. மேற்குச் சுவர் இன்னும் பூசாமல் நிற்கிறது. நல்ல சட்டை போட்டவர்கள் பின்னால் வரலாம், மற்றவர்கள் இப்போதே வாருங்கள். போண்டா அதற்கப்புறம்தான். வணக்கம்.