தங்கவயல்: இரும்பும் மண்ணும் சொல்லும் கதை

[காட்சி: மாரிகுப்பம் ரயில் நிலையப் பெயர்ப்பலகை. பின்னணியில் இரும்புக் கோபுரம்.]

பங்காரப்பேட்டையில் கிளை பிரியும் ரயில் பாதை 16 கிலோமீட்டர் ஓடி இங்கே, கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில், முடிகிறது. 1894-ல் போட்ட பாதை. கொரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிகுப்பம் என்று நிலையங்கள் வரும்போதே சுரங்கங்களின் பெயர்களும் வந்துவிடுகின்றன. பெங்களூரிலிருந்து நேரடி ரயிலும் உண்டு.

பலகையைப் படித்துத் தெரிந்துகொள்கிற ஊர் இல்லை இது. கோபுரம், மின்கம்பி, மண்மேடு, தொழிலாளர்களின் லைன் வீடு எல்லாமே ஒரே கேள்விக்குக் கிடைத்த விடைகள்: இவ்வளவு ஆழத்திலிருந்து தங்கத்தை எப்படி எடுப்பது?

[காட்சி: பழைய வரைபடம்.]

தொடக்கத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1802-ல் ஜான் வாரன் என்ற ஆங்கிலப் படை அதிகாரி இந்தப் பக்கத்து மண்ணை அலசச் சொல்லிப் பார்த்தார். தங்கம் இருந்தது. 1873-ல் மைக்கேல் லேவல் மைசூர் அரசிடம் தோண்டும் உரிமம் கேட்டார், கிடைத்தது; கையில் பணம் போதவில்லை. 1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் வந்த பிறகுதான் வேலை சூடுபிடித்தது. பழங்காலத்தவர் தோண்டி விட்டுப்போன குழிகளைப் பின்தொடர்ந்தே சாம்பியன் என்ற தங்கப் படிவத்தை எட்டினார்கள்.

[காட்சி: ஷாஃப்டின் மேல் நிற்கும் இரும்புக் கோபுரம், கீழிருந்து மேலாக.]

இனி கோபுரத்துக்கு வருவோம். இதன் பெயர் ஹெட்கியர். உச்சியில் பெரிய சக்கரங்கள். இரும்புக் கயிறு அந்தச் சக்கரத்தின் மேல் ஏறி, ஷாஃப்டுக்குள், அதாவது சுரங்கத்தின் செங்குத்துக் குழிக்குள், நேராக இறங்கும். அதன் முனையில் ஆட்களும் கல்லும் ஏறி இறங்கும் கூண்டு. கோபுரத்தின் கால்களைக் கவனியுங்கள். இரண்டு செங்குத்தாக நிற்கும், இரண்டு சாய்ந்து நிற்கும். கூண்டின் பாரம் கயிற்றைக் கீழே இழுக்கிறது; கயிறு சுற்றும் எஞ்சின் பக்கவாட்டில் இழுக்கிறது. இரண்டு இழுப்பும் சேரும் திசையைத் தாங்கத்தான் அந்தச் சாய்கால். அது எந்தப் பக்கம் நீள்கிறதோ அந்தப் பக்கம் நடந்தால் எஞ்சின் அறை, அல்லது அதன் அடித்தளமாவது தென்படும். கோபுரத்தை மட்டும் போட்டோ எடுத்துவிட்டுத் திரும்புகிறவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள்.

ஒரே கயிற்றில் அடிவரை போய்விட முடியாது. கயிறு நீள நீள அதன் எடையே அதற்குச் சுமை. அதனால் பாதி ஆழத்தில் இறங்கி, நிலத்தடியிலேயே இருக்கும் வேறொரு எஞ்சினின் கூண்டுக்கு மாற வேண்டும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,200 மீட்டருக்கும் கீழே போனது. அங்கே பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். காற்றைக் குளிரவைத்து உள்ளே அனுப்பாமல் அங்கே மனிதர் வேலை செய்ய முடியாது.

வெப்பத்தைவிடப் பயந்தது பாறை வெடிப்புக்கு. சுரங்கக்காரர்கள் பேச்சில் அது ஏர் பிளாஸ்ட். மென்மையான பாறை விரிசல் விட்டு, மண் உதிர்த்து முன்கூட்டியே சொல்லிவிடும். இங்குள்ளது கடினமான பாறை. கல்லை எடுத்த காலி இடத்தைச் சுற்றி அழுத்தம் சேரச் சேரப் பொறுத்துக்கொண்டே இருந்து, ஒரு நொடியில் சிதறும். மேலே வீடுகள் அதிரும். மரத்தில் முட்டுக் கொடுத்தால் நசுங்கிவிடும் என்பதால் செதுக்கிய கருங்கல்லை உள்ளே இறக்கிச் சுவராக அடுக்கினார்கள். பின்னர் கான்கிரீட்டும் வந்தது. தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் 1988-ல் இந்த ஊரில் தொடங்கப்பட்டதன் காரணம் இதுதான்.

[காட்சி: காவிரி, சிவசமுத்திரம் அருவி.]

இவ்வளவு எஞ்சின்களும் ஓட மின்சாரம் வேண்டுமே? சிவசமுத்திரத்தில் காவிரித் தண்ணீரில் எடுத்த மின்சாரம், சுமார் 147 கிலோமீட்டர் கம்பியில் 1902-ல் இங்கே வந்தது. அன்றைக்கு உலகின் மிக நீளமான மின்தடங்களில் அது ஒன்று. பெங்களூருத் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து, 1905-ல். குடிநீர், பாலாற்றில் இருக்கும் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து.

[காட்சி: மழைநீர் அரித்த மண் குன்று. கேமரா நெருங்கிப்போய், விரல்களிடையே வழியும் மண்.]

சினிமாப் பாட்டுக்காகப் பாலைவனமாக நடித்த குன்று இது. இயற்கையாக உண்டானதில்லை, அரைத்த பாறையின் சக்கை. உள்ளூரில் சயனைடு குன்று.

மேலே வந்த கல்லை முதலில் உடைப்பார்கள். பிறகு, உரலில் உலக்கை விழுவதுபோல, வரிசையான இரும்பு உலக்கைகள் தண்ணீர் விட்டு இடிக்கும். அந்தக் குழம்பைப் பாதரசம் பூசிய செப்புத் தகட்டின் மேல் ஓடவிட்டால் தங்கத் துகள் பாதரசத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதைச் சுரண்டியெடுத்துச் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகும், தங்கம் நிற்கும். தகட்டில் ஒட்டாமல் தப்பிய நுண்துகளைச் சயனைடு கரைசல் கரைத்து எடுக்கும். அந்தக் கரைசலில் துத்தநாகம் போட்டால் தங்கம் பிரிந்து அடியில் படியும். மிச்சமெல்லாம் குன்றுக்கு.

கடைசிக் காலத்தில் ஒரு டன் கல்லில் கிடைத்தது சுமார் 3 கிராம். ஒரு சவரனுக்கு இரண்டரை டன்னுக்கும் மேலே அரைக்க வேண்டும். 120 ஆண்டுகளில் எடுத்த தங்கம் 800 டன்னுக்கு மேல். நின்றுபோன சக்கை 13 குன்றுகளில் 3 கோடி டன்னுக்கு மேல்.

சயனைடு என்ற பெயரைக் கேட்டு மிரள்கிறவர்கள் தூசியை மறந்துவிடுகிறார்கள். சயனைடு வெயிலிலும் காற்றிலும் சிதையக்கூடியது. சிலிக்கா சிதையாது. மாவாக அரைபட்ட அந்தத் தூசி காற்றடிக்கும் மாதங்களில் வீடுகளுக்குள் வரும், நுரையீரலில் தங்கும். மேலே ஏற நினைக்க வேண்டாம்: மழை அரித்த பள்ளங்களின் ஓரம் காலடியில் பொலபொலவென்று சரியும்.

[காட்சி: லைன் வீடுகள்.]

1885-ல் தொடங்கிய கிளப்பும் துரைமார் பங்களாக்களும் எல்லோருடைய பட்டியலிலும் இருக்கின்றன. என் கணக்கில் முதலிடம் இந்த லைன்களுக்குத்தான். வட ஆற்காடு, சித்தூர், சேலம் பக்கங்களிலிருந்து வந்தவர்கள் மூங்கில் தட்டி வைத்து மண் பூசிய ஒற்றை அறைகளில் குடியிருந்தார்கள். பெரும்பாலோர் தலித் மக்கள். அயோத்திதாசரின் தமிழ்ப் பௌத்தம் வேரூன்றிய ஊர்களில் இது முக்கியமானது. அவர் எழுத்துகளை நூல்களாக்கிய சித்தார்த்தா புத்தகசாலை இந்தத் தங்கவயலில்தான் இயங்கியது.

[காட்சி: சாம்பியன் ரீஃப் பகுதி, வேலிக்கு வெளியிலிருந்து.]

இதே சுரங்கத்தில், 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானிய, பிரிட்டிஷ் ஆய்வாளர்களும் 1965-ல் வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோ என்ற நுண்துகள்களைப் பதிவு செய்தார்கள். வானத்திலிருந்து வரும் மற்றத் துகள்களை மேலே இருக்கும் பாறையே வடிகட்டிவிடும். நியூட்ரினோ மட்டும் ஊடுருவி வரும். தங்கத்துக்காகத் தோண்டிய ஆழம் இயற்பியலுக்கு இலவசமாகக் கிடைத்தது. இதற்கு வெளியில் பார்க்க அடையாளம் எதுவுமில்லை.

போகிறவர்களுக்கு: வேலிக்குள் இருப்பது பாரத் கோல்ட் மைன்ஸ் என்ற அரசு நிறுவனத்தின் நிலம், அனுமதியில்லாமல் நுழையக் கூடாது. பழைய ஷாஃப்ட் வாய்களைச் சுற்றியுள்ள தரையை நம்பாதீர்கள். புல் மூடியிருக்கும், அடியில் வெற்றிடம் இருக்கலாம். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. பம்புகள் நின்றன. கருங்கல் சுவர்களும் கூண்டுப் பாதைகளும் நியூட்ரினோ அறையும் இருந்த ஆழங்களில் இப்போது தண்ணீர்.