பூசான் பையனும் உவரி ரேடியோவும்

நேயர்களுக்கு வணக்கம். தென்கொரியாவில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த அனுபவத்தைப் பேசச் சொல்லித்தான் நிலையத்தில் அழைத்தார்கள். என் ஆராய்ச்சி பாலிமர் பற்றியது. அதைப் பேசினால் நீங்கள் ரேடியோவை அணைத்துவிடுவீர்கள். அதனால், அங்கே இருந்தபோது ஒரு பாடகர் மேல் எனக்குப் பிடித்த பைத்தியத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

பாடகர் பெயர் ஜிமின். 2013-ல் அறிமுகமான பி.டி.எஸ். என்ற கொரியப் பாட்டுக் குழுவின் ஏழு பேரில் ஒருவர். பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டியதே இல்லை. எனக்கோ அப்போது முப்பதை நெருங்கும் வயது. ஊரில் இருந்தவரை அந்தப் பாட்டுகளில் பெரிய நாட்டமும் கிடையாது. பூசான் நகரத்துக்குப் போன பிறகுதான் பிடித்துக்கொண்டது. முகம் ஒரு காரணம், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் பெரிய காரணம் பேச்சு.

நான் படித்துக்கொண்டு போனது சியோல் பக்கத்துக் கொரிய மொழி. பூசான்காரர்கள் பேசுவது வேறு. வேகமும் சத்தமும் வெட்டிப் பேசுவதும் சேர்ந்து, சண்டை போடுகிறார்களோ என்று தோன்றும். நம் திருநெல்வேலிப் பேச்சைக் கேட்டுச் சென்னைக்காரர்கள் மிரளுவார்களே, அந்த மாதிரி. நான் தங்கியிருந்த அறைக்குக் கீழே காய்கறிக் கடை வைத்திருந்த அம்மா என்னிடம் அன்பாக விசாரிக்கிறாரா, ஏசுகிறாரா என்றே முதலில் பிடிபடவில்லை.

ஜிமின் 1995-ல் பிறந்ததும் பூசானில்தான். கும்ஜோங் என்ற பகுதி. என் பல்கலைக்கழகமும் அங்கேயே. பேட்டிகளில் சியோல் பேச்சு பேசுகிறவர், அதே குழுவில் இருக்கும் இன்னொரு பூசான் பையனான ஜங்குக்குடன் அரட்டையில் உட்கார்ந்துவிட்டால் ஊர்ப் பேச்சுக்கு இறங்கிவிடுவார். ராத்திரி ஆய்வகத்தில் சோதனை முடியக் காத்திருக்கும்போது அந்த வீடியோக்களைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பேன். சென்னைக் கல்லூரியில் வாய் தவறி "ஏல" என்று சொல்லிவிட்டுக் கேலிப்பட்டவள் நான். உலகமே அறிந்த ஒருவர் கூச்சமில்லாமல் ஊர்ப் பேச்சு பேசினால் எனக்கு எப்படி இருக்கும்? கொஞ்ச நாளில் காய்கறிக் கடை அம்மாவின் பேச்சும் புரிய ஆரம்பித்தது. ஜிமினைப் பிடிக்கும் என்று சொன்னேன். அன்றிலிருந்து "எங்க பிள்ளை" என்று அந்த அம்மாவுக்குப் பெருமை, எனக்குக் கூடுதலாக ஒரு பிடி கீரை.

ஒரே ஊரில் இருந்தால் பாடகர் பக்கத்தில் வந்துவிடுவார் என்று நினைக்காதீர்கள். 2022 அக்டோபர் 15 அன்று பூசான் ஆசியாட் மைதானத்தில் பி.டி.எஸ். குழுவின் இலவசக் கச்சேரி. 2030 உலகக் கண்காட்சியைப் பூசானுக்குக் கேட்டு நடத்தியது. கடைசியில் அது ரியாத்துக்குப் போய்விட்டது, அது வேறு கதை. எனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. ஹேயுண்டே கடற்கரையில் பெரிய திரை வைத்திருந்தார்கள், அங்கே கூட்டத்தோடு உட்கார்ந்து பார்த்தேன். அங்கே மாலை ஆறு மணி என்றால் இங்கே மதியம் இரண்டரை. வண்ணார்பேட்டையில் என் சித்தி மகள் சாப்பிட்டுவிட்டு, மின்விசிறிக்குக் கீழே படுத்துக்கொண்டு அதே நிகழ்ச்சியை போனில் பார்த்திருக்கிறாள். விமானம் ஏறிப் போன எனக்கும் திரைதான், அவளுக்கும் திரைதான். அவளுடையது கொஞ்சம் சின்னது, அவ்வளவுதான்.

என் அம்மாவுக்கு விஷயம் தெரிந்ததும் போனில் கேட்டார்: "ஏட்டி, அவனுக்கு ஒன்னைய யாருன்னு தெரியுமா?"

அம்மா உவரிக்காரர். அந்தக் கடற்கரையில் அந்நாளில் இலங்கை வானொலி கணீரென்று கேட்கும். அம்மாவின் பாவாடை தாவணிக் காலத்தில் அந்த வானொலியின் அறிவிப்பாளர் கே.எஸ். ராஜா குரல் என்றால் அடுப்பில் பால் பொங்குவதுகூடத் தெரியாதாம். பாட்டுக் கேட்டு அஞ்சலட்டை போட்டுவிட்டு, தன் பெயரை வாசிப்பார்களா என்று ரேடியோ முன்னால் காத்துக் கிடந்த கதையை ஆச்சி சொல்லியிருக்கிறாள். "ராஜாவுக்கு ஒங்கள தெரியுமாம்மா?" என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார். டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இந்த ஒருவழி நெருக்கத்தைப் பற்றி 1956-லேயே எழுதிவிட்டார்கள். வானொலி, தொலைக்காட்சி, சினிமா மூன்றையும் வைத்துத்தான். அம்மா பிறப்பதற்கு முன்பே!

எனக்குப் பிடிக்காததும் இதில் உண்டு. இசைத்தட்டுக்குள் யார் படம் இருக்கும் என்று சொல்லாமல் விற்பார்கள். பிடித்தவர் படம் வரும்வரை பிள்ளைகள் ஒரே தட்டை மறுபடி மறுபடி வாங்குவார்கள். இது சுத்த வியாபாரம். நான் ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன், அதுவும் உதவித்தொகையின் புண்ணியம்.

நான் ஊர் திரும்பினேன். 2023 டிசம்பரில் ஜிமின் ராணுவத்துக்குப் போனார், 2025 ஜூனில் வெளியே வந்தார். அந்த நாட்டில் ஆண்களுக்கு அது கட்டாயம். இடையில் என் காய்ச்சலும் இறங்கிவிட்டது. காய்கறிக் கடை அம்மா மட்டும் இன்னமும் வீடியோவில் கூப்பிடுவார். திருநெல்வேலியில் எங்க பிள்ளையைத் தெரியுமா என்று ஒருநாள் கேட்டார். சித்தி மகளின் போன் உறையைக் காட்டினேன், அதில் ஜிமின் படம். அவர் போட்ட சத்தத்தில் அடுக்களையிலிருந்து அம்மா ஓடிவந்தார். பிறகு இரண்டு பேரும் அவரவர் பாஷையில் சத்தமாகப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரியவே இல்லை, ஆனால் இருவரும் தலையாட்டிக்கொண்டார்கள். என் கல்யாணப் பேச்சாகத்தான் இருக்கும்.