கிண்ணத்துக்குக் காசு உண்டு, பஸ்ஸுக்கு இல்லை

(மட்டக்களப்பில் பாடசாலை விளையாட்டு நிதிக்காகக் கூடிய பழைய மாணவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அதிபர் அவர்களே, ஆசிரியர்களே, பழைய மாணவர்களே, வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் பெற்றோரே, பின் வரிசையில் ஜேர்சியோடு இருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

காசு பற்றிப் பேசச் சொல்லி அழைத்தீர்கள். நேராக அதற்கே வருகிறேன். நம்முடைய ஊரில் விளையாட்டுக்குக் காசு கொடுக்க மனமில்லாதவர்கள் குறைவு. பிள்ளைகள் இல்லங்களாகப் பிரிந்து பாடசாலைக்குள்ளேயே மோதும் இல்ல விளையாட்டுப் போட்டி வந்தால் பாருங்கள். பந்தல், இல்ல அலங்காரம், ஒலிபெருக்கி, கிண்ணம், கேடயம், விருந்தினருக்கு மாலை என்று எதற்கும் குறைவிருக்காது. கடைக்காரரும் கொடுப்பார், இலண்டனில் இருக்கும் அண்ணனும் அனுப்புவார். அந்த ஒரு நாள் முடிந்து பந்தல் பிரித்த பிறகுதான் பிள்ளைகளின் உண்மையான பருவமே தொடங்குகிறது. அப்போது சங்கத்தின் கையில் காசு இருப்பதில்லை. நான் இன்று கேட்க வந்தது இதைத்தான்: அந்த ஒரு நாளுக்குக் கொடுப்பதை முழுப் பருவத்துக்கும் பரப்பிக் கொடுங்கள்.

பருவம் என்றால் என்ன என்று விளையாடாதவர்களுக்காகச் சொல்கிறேன். வலய மட்டத்தில் வென்றால் மாகாணம், மாகாணத்தில் வென்றால் அகில இலங்கை. மட்டக்களப்பு மாவட்டத்தில் மட்டும் ஐந்து கல்வி வலயங்கள். அம்பாறை கரையோரத்தில் கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில். மாகாணப் போட்டிக்கு இவர்களோடு திருகோணமலையும் வந்து சேரும். ஒவ்வொரு படிக்கும் தனிப் பயணம், தனிச் சாப்பாடு, சில நேரம் தங்குமிடம். மைதானமும் வருடம் முழுக்க நமக்குக் கிடைப்பதில்லை. மார்கழி, தை மாதங்களில் பாதி மைதானம் தண்ணீருக்குள் கிடக்கும். பாடசாலைக் கிரிக்கெட் பருவம் செப்டெம்பரில் தொடங்கி மார்ச் வரை போவதால், நமக்கு மழை கொட்டும் மாதங்களிலேதான் மற்ற மாகாணத்துப் பிள்ளைகள் ஆட்டத்துக்கு மேல் ஆட்டம் ஆடிக்கொண்டிருப்பார்கள். ஆனி, ஆடியில் கச்சான் காற்று. மேற்கிலிருந்து வரும் அந்த அனலில் பதினொரு மணிக்கு ஓட விட்டால் பிள்ளை மயங்கி விழும். ஆகவே விடியற்காலையில் ஒரு மணி நேரம், பின்னேரம் வெயில் தணிந்த பிறகு ஒரு மணி நேரம், அவ்வளவுதான்.

அந்த விடியற்காலைப் பயிற்சிக்கு வரும் பிள்ளையின் வயிற்றில் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். அநேகமாக ஒரு பிளேன்ரீ. பயிற்சி முடிந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே வகுப்புக்கு. இடைவேளைக்கு ஒரு பணிஸ். வளருகிற வயதில், 400 மீற்றர் ஓடுகிற பிள்ளைக்கு இது போதாது. நான் உடற்கல்வி கற்பித்த காலத்தில் பெற்றோர் சிலர் முறை வைத்துக்கொண்டு அவித்த முட்டையும் பயறும் கொண்டுவந்து கொடுத்தார்கள். சில கிழமைகளிலேயே வித்தியாசம் தெரிந்தது. கடைசிச் சுற்றில் கால் துவளாமல் ஓடி முடித்தார்கள். இதற்குப் பெரிய திட்டம் தேவையில்லை. பாடசாலை நாட்களில் தினமும் முட்டையும் பயறும் கிடைக்க ஒருவர் பொறுப்பெடுத்தால் சரி.

இனி, என் மனதைப் பல வருடமாக அரிக்கிற விடயத்துக்கு வருகிறேன். நம் பிள்ளைகளைப் பற்றி ஒரு பேச்சு இருக்கிறது: “மாகாணத்தோடு சரி, கொழும்புக்குப் போனால் நிற்க மாட்டார்கள்.” இதைச் சொல்பவர்கள் அந்தப் பிள்ளைகள் கொழும்புக்கு எப்படிப் போனார்கள் என்று கேட்பதில்லை. முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். இரவு பஸ்ஸில் ஏறி, உட்கார்ந்தபடியே அரைத் தூக்கம் தூங்கி, விடியுமுன் புறக்கோட்டையில் இறங்கி, குழாயடியில் முகம் கழுவி, சுகததாச மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தால் காலையில் தகுதிகாண் ஓட்டம். பக்கத்துச் சுவட்டில் நிற்கும் பிள்ளை முதல் நாளே வந்து அதே மைதானத்தில் ஓடிப் பார்த்திருக்கும்.

மைதானமும் ஒன்றல்ல. நாம் புல்லிலும் மணலிலும் ஓடிப் பழகியவர்கள். அங்கே இருப்பது செயற்கை ஓடுபாதை. அதற்கு ஸ்பைக் சப்பாத்து வேண்டும். ஆணி 9 மில்லிமீற்றருக்கு மேல் நீண்டால் ஓட விட மாட்டார்கள். இரவல் சப்பாத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாக மாட்டினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்.

அஞ்சலோட்டத்தைப் பாருங்கள். நான்கு தர நூறு மீற்றரில் கோல் மாற்றும் வலயம் 30 மீற்றர். அதற்குள் கோல் கைமாற வேண்டும். நம் பிள்ளைகள் பிவிசி குழாய்த் துண்டை வைத்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, மணலில் பழகுகிறார்கள். மணலில் வேகம் எடுக்க நேரமாகும். செயற்கைப் பாதையில் வாங்கும் பிள்ளை இரண்டு எட்டிலேயே பறந்துவிடும். அடி எண்ணி வைத்த அடையாளம் எல்லாம் பிழைத்துப்போகும். கொண்டுவரும் பிள்ளை கையை நீட்டிக்கொண்டே ஓடும், வாங்கும் பிள்ளையின் கை எட்டாது, வலயம் முடிந்துவிடும், நடுவர் கொடியை உயர்த்துவார். மாகாணத்தில் முதலிடம் எடுத்த ஒரு பெண்கள் அணி இப்படி வெளியேறியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். நான்கு பேரும் ஒருவரையொருவர் குறை சொல்லாமல் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். முதல் நாள் பின்னேரம் அந்தப் பாதையில் அரை மணி நேரம் பழகியிருந்தால் அடையாளத்தை மாற்றி வைத்திருக்கலாம். தேவைப்பட்டதெல்லாம் ஓர் இரவு தங்குமிடம், அவ்வளவே. அந்த இரவுக்குக் காசு இருக்கவில்லை. அதே வருடம் எங்கள் இல்லப் போட்டியில் கொடுத்த கிண்ணங்களை எண்ணினால் அந்தச் செலவு தாராளமாக வந்திருக்கும்.

2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியபோது சப்பாத்து விலை எங்கே போனது என்று வாங்கியவர்களுக்குத் தெரியும். அன்று விளையாட்டை விட்டுப் போன பிள்ளைகளைத் திரும்பக் கொண்டுவருவது எளிதாக இல்லை.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்பதாம் வகுப்பு வரை வலைப்பந்திலும் கரப்பந்திலும் நிறையப் பேர் இருப்பார்கள். பத்தாம் வகுப்புக்குப் பிறகு அணி சேர்க்கவே ஆள் தேட வேண்டும். பரீட்சை ஒரு காரணம். ஆனால் தாய்மாரோடு பேசிப் பார்த்தால் வேறு காரணங்கள் வரும். பயிற்சி முடியும்போது இருட்டுகிறது, யாரோடு வருவது? வெளியூர் போனால் கூட ஓர் ஆசிரியை போகிறாரா? உடை மாற்ற இடம் இருக்கிறதா? இவை எல்லாம் நியாயமான கேள்விகள். பின்னேரம் வீடுவரை கொண்டுபோய் விட ஒரு வான், கூடச் செல்லும் ஆசிரியைக்குச் செலவு, பூட்டுப் போட்ட ஓர் அறை, இந்த மூன்றும் இருந்தால் பாதித் தாய்மார் சம்மதிப்பார்கள். அமெரிக்காவில் 1972 இல், அரசின் காசு பெறும் கல்விக்கூடங்களில் பால் வேறுபாடு காட்டக் கூடாது என்று சட்டம் வந்தது. அதற்கு முன் அங்கே உயர்நிலைப் பள்ளிகளில் விளையாடிய பெண் பிள்ளைகள் ஏறத்தாழ 3 இலட்சம். இன்று 30 இலட்சத்துக்கு மேல். பெண் பிள்ளைகளுக்கு ஆசை இல்லை என்று அதற்கு முன் அங்கேயும் சொன்னார்கள்.

அமெரிக்கா என்றதும் நம் ஊருக்கு அங்கிருந்து வந்த கூடைப்பந்தைச் சொல்லாமல் விட முடியாது. லூசியானாவிலிருந்து வந்த இயேசு சபைக் குரு யூஜின் ஹேபர்ட் அடிகளார் புனித மிக்கேல் கல்லூரியில் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கினார். மட்டக்களப்பின் பெயர் நாடெங்கும் கூடைப்பந்தில் பேசப்பட்டதற்கு அவர் போன்றவர்களின் உழைப்பே அடித்தளம். 1990 ஓகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் அவர் காணாமற்போனார். இன்றுவரை வரவில்லை. இன்னொரு இயேசு சபைக் குருவான வெபர் அடிகளாரின் பெயரில் நம் நகரின் மைதானமே இருக்கிறது. இவர்கள் ஒரு நாள் வந்து பரிசு கொடுத்துவிட்டுப் போனவர்களல்லர். வருடக்கணக்காகப் பின்னேரம் பின்னேரமாக மைதானத்தில் நின்றார்கள். அப்படி நிற்கும் பயிற்றுவிப்பாளர் இன்றும் நமக்குத் தேவை. அவருக்கு மாதாமாதம் ஒழுங்காகக் கொடுப்பனவு வேண்டும். அன்புக்காகவே வந்து நில் என்று குடும்பஸ்தரிடம் எத்தனை நாள் கேட்பது?

சரி, எப்படிச் செய்வது? நடைபவனியும் பரிசுச் சீட்டும் உணவுத் திருவிழாவும் நல்லவைதான், ஊர் கூடும். ஆனால் அந்தக் காசு வந்த வேகத்தில் போய்விடும். நூறு பேர் மாதம் ஆயிரம் ரூபாய் நிலையான கட்டளையாக வங்கியில் எழுதிக் கொடுத்தால் வருடத்துக்கு 12 இலட்சம். பயணமும் சாப்பாடும் பயிற்றுவிப்பாளரும் அதிலிருந்து. வெளிநாட்டிலிருந்து மொத்தமாக வரும் தொகையை நிலையான வைப்பில் போட்டு வட்டியை மட்டும் எடுப்போம். பத்து இலட்சத்துக்கு எட்டு வீதம் வட்டி என்று வைத்தால் வருடம் 80,000 ரூபாய். அது சப்பாத்துக்கு. அமெரிக்கக் கல்லூரிகளில் பழைய மாணவர் பெயரில் உள்ள பல புலமைப்பரிசில்கள் இந்த முறையில்தான் நடக்கின்றன. முதல் அப்படியே இருக்கும். கணக்கை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பாடசாலை அறிவித்தற் பலகையில் ஒட்டுங்கள். எத்தனை சோடி சப்பாத்து, எந்த அளவு, யார் பெற்றார்கள் என்று பொறுப்பாசிரியரின் கொப்பியில் இருக்கட்டும். காசு கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

உரை முடிந்ததும் சபையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து, “தம்பி, நான் கிரிக்கெட் ஆடினவன். என் காசு கிரிக்கெட்டுக்கு மட்டும் போக வேண்டும் என்று எழுதலாமா?” என்று கேட்டார். எழுதலாம் ஐயா, உங்கள் விருப்பம் மதிக்கப்படும். ஆனால் என் வேண்டுகோள், பாதியையாவது பொதுவில் விடுங்கள். கபடி அணிக்கும், மட்டையால் பந்தடித்து ஓடும் எல்லே ஆட்ட அணிக்கும் வெளிநாட்டில் பழைய வீரர் சங்கம் கிடையாது. அந்தப் பிள்ளைகளுக்குக் கேட்க ஆளில்லை. படிவங்கள் வாசல் மேசையில் இருக்கின்றன, வங்கிக் கணக்கு இலக்கத்தோடு. மாகாணப் போட்டிக்கான வானுக்கு முற்பணம் இந்த மாதமே கட்ட வேண்டும்.