தாஷ்கண்டில் அரைக் கோப்பைத் தேநீர்

நேயர்களுக்கு வணக்கம்.

வெளிநாடு போனால் எங்கே தங்குவது என்று பேச முடியுமா என இந்த நிலையத்தார் கேட்டபோது மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டேன். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவள் நான். ஓய்வு பெற்ற பிறகு வருடத்துக்கு ஒரு பயணம் என்று வைத்திருக்கிறேன். செலவு ஓய்வூதியத்திலிருந்து. அதனால் நான் தங்குவதெல்லாம் வாடகை குறைந்த இடங்கள்தான். ஆனால் இன்று பணத்தை மிச்சம் பிடிப்பது எப்படி என்று சொல்ல வரவில்லை. வாடகை குறைந்த சின்ன விடுதியில் தங்கினால் அந்த ஊர்க்காரர்களின் வீட்டுக்குள்ளேயே போய்விடலாம். அதைச் சொல்லத்தான் வந்தேன். அதற்கு நான் எடுத்துக்கொள்வது தாஷ்கண்ட்.

தாஷ்கண்ட் என்றதும் வயதில் பெரியவர்களுக்கு லால் பகதூர் சாஸ்திரி நினைவுக்கு வருவார். 1966 ஜனவரி 10-ஆம் தேதி அங்கேதான் பாகிஸ்தானோடு உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். மறுநாள் பொழுது விடியுமுன் காலமாகிவிட்டார். அந்த ஊரில் இன்றும் அவர் பெயரில் ஒரு தெரு இருக்கிறது, மார்பளவுச் சிலை இருக்கிறது. உஸ்பெகிஸ்தானின் தலைநகரம் அது. டெல்லியில் விமானம் ஏறினால் சுமார் மூன்று மணி நேரம். கடிகாரத்தை அரை மணி பின்னால் திருப்பி வைத்தால் போதும். விசாவை இங்கே வீட்டில் உட்கார்ந்தபடியே இணையத்தில் வாங்கிவிடலாம்.

2024 மே மாதம் நானும், என்னோடு பூகோளம் நடத்திய தோழியும் போனோம். முதல் இரண்டு இரவு ஊர் நடுவில் ஒரு பெரிய அடுக்குமாடி ஓட்டலில் தங்கினோம். பெயர் வேண்டாம். அறையில் எல்லாம் இருந்தது. வெந்நீர், தொலைக்காட்சி, கம்பளம், எதற்கும் குறைவில்லை. ஜன்னலை மட்டும் திறக்க முடியவில்லை. மூன்று முறை கீழே இறங்கிச் சொன்னோம். வருகிறோம் என்றார்கள், யாரும் வரவில்லை. இரண்டு நாளில் எங்கள் பெயர் சொல்லி அழைத்த ஆள் ஒருவர்கூட அங்கே இல்லை. மூன்றாம் நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பழைய நகரத்துக்குப் போய்விட்டோம்.

சோர்சு சந்தை என்று ஒன்று இருக்கிறது. நீல ஓடு பதித்த பெரிய குவிமாடத்துக்குக் கீழே நடக்கிற சந்தை. அதன் பின்பக்கம் சந்து சந்தாகப் பழைய குடியிருப்பு. அதை மஹல்லா என்பார்கள். டாக்சி தெருமுனையோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் கார் போகாது. முகவரிச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றோம். ஒரு பெரியவர் வந்தார். சீட்டைப் பார்த்தார், வலது கையை நெஞ்சில் வைத்து லேசாகக் குனிந்தார், பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். அங்கே முன்பின் தெரியாதவர்களும் அப்படித்தான் வணக்கம் சொல்கிறார்கள்.

சந்தில் நின்று பார்த்தால் வீடு என்று ஒன்றும் தெரியாது. இரண்டு பக்கமும் மண் பூசிய சுவர், ஜன்னல் கிடையாது, நடுவில் ஒரு மரக்கதவு. கதவைத் திறந்து உள்ளே கால் வைத்தால்தான் எல்லாம். நடுவில் பெரிய முற்றம், முற்றத்தைச் சுற்றி அறைகள், எல்லா அறையும் முற்றத்தைப் பார்த்தபடி. நம் ஊரில் முற்றம் வைத்த பழைய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். முற்றத்தின் ஒரு பக்கம் திராட்சைப் பந்தல். இன்னொரு பக்கம் முசுக்கொட்டை மரம். பட்டுப்புழுவுக்கு இலை போடுகிறோமே, அதே மரம். மே மாதம் பழம் உதிர்கிற காலம். இரவெல்லாம் பொத்துப் பொத்தென்று விழுந்து, காலையில் முற்றம் முழுக்கக் கறுப்பும் ஊதாவுமாகக் கறை. வீட்டம்மாள் விடியற்காலையில் தண்ணீர் தெளித்துப் பெருக்குவார். மதியத்துக்குள் மறுபடி கறை ஆகிவிடும்.

மரத்தடியில் தப்சான் என்ற பெரிய மரக்கட்டில். நம் கயிற்றுக் கட்டில் நான்கைச் சேர்த்துப் போட்ட அகலம் இருக்கும். மூன்று பக்கம் தடுப்பு, மேலே பஞ்சு மெத்தை விரிப்பு, நடுவில் குட்டையாக ஒரு மேசை. செருப்பைக் கீழே விட்டுவிட்டு ஏறி, மேசையைச் சுற்றிச் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். சாப்பாடு அங்கே, தேநீர் அங்கே, மதியத் தூக்கமும் அங்கேதான். ஐந்து அறை கொண்ட விடுதி. இரண்டு பேருக்கு ஒரு நாள் வாடகை, காலைச் சாப்பாட்டோடு 25 டாலர். அவர்கள் பணம் சோம். அப்போது ஒரு டாலருக்கு 12,000-க்கு மேல். ஆக அந்த 25 டாலர் 3 லட்சம் சோமைத் தாண்டிவிடும். அந்தக் கணக்கு பழக ஒரு நாள் ஆகும், அவ்வளவுதான்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். உஸ்பெக் மொழியில் ஓட்டலுக்கு மெஹ்மோன்ஹோனா என்று பெயர். மெஹ்மோன் என்றால் விருந்தாளி, ஹோனா என்றால் அறை. ஆனால் ஓட்டல் மட்டும் மெஹ்மோன்ஹோனா அல்ல. சாதாரண வீட்டில் வருகிறவர்களை உட்கார வைக்க ஒரு நல்ல அறை ஒதுக்கி வைத்திருப்பார்கள், அதற்கும் மெஹ்மோன்ஹோனாதான். இரண்டுக்கும் ஒரே சொல். வெளிநாட்டார் எங்கே தங்கியிருக்கிறார்கள் என்று விடுதிக்காரர்கள் அரசுக்குப் பதிவு செய்ய வேண்டும். அந்த இணையப் பதிவு முறைக்குக்கூட இ-மெஹ்மோன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். விருந்தாளி உன் தகப்பனைவிடப் பெரியவர் என்று அவர்களிடம் ஒரு பழமொழி உண்டு. நம் பழைய தமிழில் விருந்து என்றால் சாப்பாடு இல்லை, புதிதாக வந்தவர் என்று பொருள். அந்த முற்றத்தில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

அப்புறம், கூப்பிடுகிற முறை. உங்களுக்கு இது பிடிக்கும். அங்கே அகா என்றால் அண்ணன். ஓபா என்றால் அக்கா. அப்பாவின் தங்கையை, அதாவது அத்தையை, அம்மா என்கிறார்கள். வெறும் பெயரைச் சொல்லிப் பெரியவர்களைக் கூப்பிடுவதில்லை, பெயரோடு அகாவோ ஓபாவோ சேர்த்துத்தான். வீட்டம்மாளுக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். நான் அவரை ஓபா என்றேன். அவரும் என்னை ஓபா என்றார். வாடகைக்கு வந்தவளும் வீட்டுக்காரியும் ஒருவரை ஒருவர் அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டு ஆறு நாள் இருந்தோம்.

சரி, இப்போது தேநீர். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விடுங்கள்.

முதல் நாள் மாலை ஓபா பச்சைத் தேநீர் கொண்டுவந்தார். அடர்நீலமும் வெள்ளையும் கலந்த பீங்கான் கூஜா, அதில் பருத்திக் காய் வெடித்த படம், ஓரத்தில் தங்கக் கோடு. அந்த நாட்டில் எந்த வீட்டுக்குப் போனாலும் இந்தப் பருத்திப் பூப்போட்ட பாத்திரம்தான். அதோடு பியோலா, பிடி இல்லாத சின்னக் கிண்ணம். கூஜாவிலிருந்து ஒரு கிண்ணம் ஊற்றினார், அதை அப்படியே கூஜாவில் திருப்பிக் கொட்டினார். மறுபடி ஊற்றினார், மறுபடி கொட்டினார். மூன்று தடவை. நாம் டீயை ஆற்றுகிற மாதிரிதான், ஆனால் உயரத் தூக்காமல், நிதானமாக. இதற்கு ஒரு வாய்ப்பாடு உண்டு: லோய், மோய், சோய். முதல் தடவை ஊற்றுவது சேறு, இரண்டாவது எண்ணெய், மூன்றாவதுதான் தேநீர்.

அதன் பிறகு எங்களுக்கு ஊற்றினார். கிண்ணத்தில் பாதிகூட இல்லை. மூன்று வாய் குடித்தால் தீர்ந்துவிடும். தீர்ந்ததும் உடனே இன்னும் மூன்று வாய். நம் வீட்டில் விருந்தாளிக்குத் தம்ளர் நிறைய ஊற்றாவிட்டால் என்ன நினைப்பார்கள், உங்களுக்கே தெரியும். இவர் வேறு ஒவ்வொரு தடவையும் கைநீட்டி ஊற்றிக்கொண்டிருக்கிறாரே, சிரமப்படுகிறாரே என்று எனக்குப் பட்டது. கிண்ணத்தை நீட்டி, விளிம்பைத் தொட்டுக் காட்டி, நிறைய ஊற்றுங்கள் என்று சைகை செய்தேன்.

ஓபாவின் கை அப்படியே நின்றுவிட்டது. கூஜாவைக் கீழே வைத்தார். முகம் மாறிவிட்டது. உள்ளே பார்த்துப் பேத்தியைக் கூப்பிட்டார். அந்தப் பெண் கல்லூரியில் ஆங்கிலம் படிப்பவள். பாட்டி சொன்னதைக் கேட்டுவிட்டு எங்களிடம் கேட்டாள்: "உங்களுக்கு இங்கே ஏதாவது குறை வைத்துவிட்டோமா, கிளம்பப் போகிறீர்களா என்று பாட்டி கேட்கிறார்."

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் அவள் விளக்கினாள். கொஞ்சமாக ஊற்றினால், இன்னும் இருங்கள், நான் மறுபடி மறுபடி ஊற்றித் தருகிறேன், ஆறாமல் குடியுங்கள் என்று பொருள். கிண்ணத்தை நிறைத்துக் கொடுத்தால், இதைக் குடித்துவிட்டுப் புறப்படலாம் என்று பொருள். நானாகவே நிறைத்துக் கேட்டதால், வந்த அன்றைக்கே கோபித்துக்கொண்டு போகிறார்கள் என்று அந்த அம்மாள் பதறிப்போய்விட்டார்.

நான் எங்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னேன். நிறைய ஊற்றுவதுதான் எங்களுக்கு மரியாதை, குறைத்து ஊற்றினால் மனம் இல்லை என்று அர்த்தம் என்றேன். பேத்தி அதை மொழிபெயர்த்ததும் ஓபா என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பேச்சு அதோடு முடிந்தது என்று நினைத்தோம். மறுநாள் காலை தப்சானில் உட்கார்ந்தால், எனக்கு முன்னால் இரண்டு கிண்ணம், தோழிக்கு முன்னால் இரண்டு கிண்ணம். ஒன்றில் விளிம்பு தளும்பத் தேநீர். இன்னொன்றில் பாதி. தளும்புகிற கிண்ணத்தைக் காட்டி "ஹிந்துஸ்தான்" என்றார். பாதிக் கிண்ணத்தைக் காட்டி "உஸ்பெகிஸ்தான்" என்றார். கடைசி நாள் வரை இரண்டு கிண்ணம்தான்.

நேயர்களே, இது எந்தப் பெரிய ஓட்டலில் நடக்கும்? அங்கே தேநீர் கேட்டால் பையில் போட்டுக் கட்டின தேயிலையும் சுடுநீரும் வரும். நான் சொல்ல வந்தது இதைத்தான். வாடகை குறைவு என்பதற்காக மட்டும் அங்கே போக வேண்டாம். ஊற்றுகிற கை யாருடையது என்று தெரிகிற இடம் அது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். குளியலறை முற்றத்தைத் தாண்டி இருந்தது. நான் குளித்த கையோடு தோழி போனால் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் வரும். நாலு மணிக்கெல்லாம் பக்கத்து வீட்டுச் சேவல் எழுப்பிவிடும். முழங்கால் வலி உள்ளவர்களுக்குத் தப்சானில் ஏறி இறங்குவது கஷ்டம், அவர்கள் முன்பே சொல்லி நாற்காலி கேட்டு வாங்கிக்கொள்ளலாம். சைவம் சாப்பிடுகிறவர்கள் கடைகளில் திண்டாடத்தான் வேண்டும், எதிலும் ஆட்டிறைச்சி. ஆனால் வீட்டு விடுதியில் முன்கூட்டியே சொன்னால் வழி பிறக்கும். ஓபா எங்களுக்காகப் பூசணிக்காய் வைத்து சம்சா சுட்டார். தந்தூர் அடுப்பின் உட்சுவரில் ஒட்டிச் சுடுவது, எண்ணெயில் பொரிப்பதில்லை. காலையில் ரொட்டி, பாலாடை, செர்ரிப் பழ ஜாம், முட்டை, வெள்ளரி, தக்காளி.

எங்கள் அறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுவர் அவ்வளவு கனம். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே குளிர்ச்சி. மரச்சட்டம் நிறுத்தி, இடைவெளியில் மண் உருண்டைகளை அடுக்கிப் பூசிய சுவர். பூமி அதிர்ந்தால் மரம் அசைந்து கொடுக்கும் என்று பழைய காலத்திலிருந்தே அப்படிக் கட்டுகிறார்கள். 1966 ஏப்ரல் 26-ஆம் தேதி, சாஸ்திரி காலமாகி மூன்று மாதம்தான் ஆகியிருக்கும், காலை 5 மணி 23 நிமிடத்துக்கு அந்த ஊருக்கு நேர் கீழே நிலம் நடுங்கியது. மண் வீடுகள் ஆயிரக்கணக்கில் போயின. சுமார் 3 லட்சம் பேர் வீடிழந்தார்கள். அப்புறம் சோவியத் குடியரசுகள் எல்லாவற்றிலிருந்தும் கட்டடத் தொழிலாளர்கள் வந்து, அகன்ற சாலைகளும் அடுக்குமாடிகளுமாகப் புது நகரத்தைக் கட்டினார்கள். நம் ஓபாவுக்கு அப்போது எட்டு வயது. அந்தக் கோடை முழுக்கக் குடும்பமே இந்த முசுக்கொட்டை மரத்தடியில்தான் படுத்ததாம். வீடு விரிசலோடு தப்பிவிட்டது. சுவரில் ஓர் இடத்தைக் காட்டினார். பூசி மறைத்த விரிசல், விரலால் தடவினால் மேடு தெரிகிறது. வகுப்பில் பல வருடம் தேதியாக மட்டும் வைத்திருந்த ஒன்றை அன்றைக்குக் கையால் தொட்டேன்.

மெட்ரோ ரயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று குறித்து வைத்திருக்கிறேன். 1977-இல் ஓடத் தொடங்கியது, மத்திய ஆசியாவிலேயே முதல் மெட்ரோ. விண்வெளி வீரர்களுக்கென்றே நீல நிறத்தில் ஒரு நிலையம் இருக்கிறது, போனால் அங்கே இறங்கிப் பாருங்கள். 2018 வரை உள்ளே படம் எடுக்கத் தடை இருந்தது, இப்போது இல்லை. கசங்காத டாலர் தாள்களாகக் கொண்டு போங்கள். நம் மூன்று முள் பிளக் அங்கே நுழையாது, இரண்டு முள் உருண்டைப் பிளக் நுழையும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் இருக்கிறதாம். ரொட்டிக்கென்று தனியாக நேரம் வைத்திருந்தேன். சரி, சுருக்கமாக.

அவர்கள் ரொட்டிக்கு நோன் என்று பெயர். வட்டமாக இருக்கும், நடுவில் முத்திரை குத்தியிருப்பார்கள். கத்தியால் வெட்டுவதில்லை, கையால்தான் பிய்க்க வேண்டும். கவிழ்த்து வைக்கக் கூடாது. ஓபா வீட்டுக் கூடத்தில் ஆணியில் ஒரு நோன் தொங்கிக்கொண்டிருந்தது. காய்ந்து கல்லாகிவிட்டது. ஓரத்தில் ஒரு கடி. எதற்கு என்று கேட்டேன். பேரன் வேலைக்குக் கொரியா போகும்போது வாசலில் நின்று ஒரு வாய் கடித்துவிட்டுப் போனானாம். வெளியூர் போகிறவர் ஒரு கடி கடித்து வைத்துவிட்டுப் போவது அங்கே வழக்கம். மீதியைத் தின்ன அவரே திரும்பி வர வேண்டும். அவன் போய் இரண்டு வருடம் ஆகிறது என்றார். பேசிக்கொண்டே முந்தானை மாதிரி தோளில் கிடந்த துணியை எடுத்து, ரொட்டியின் மேலிருந்த தூசியைத் துடைத்தார். அதே ஆணியில் மாட்டினார். நேராக இருக்கிறதா என்று ஓர் அடி பின்னால் தள்ளி நின்று பார்த்தார்.

நேரம் ஆகிவிட்டது. வணக்கம்.