நெத்திலி காயாத பொங்கல்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

என் கணவருக்குச் சொந்த ஊர் வேதாரண்யம் பக்கம். கல்யாணமான நாளிலிருந்து முப்பது வருடமாகப் பொங்கலுக்குச் சென்னையில் இரவு பஸ் ஏறித் தூங்கிவிடுவோம், விடிந்தால் ஊர். நடுவில் இருக்கும் கடற்கரையை நான் பகலில் பார்த்ததே இல்லை. இத்தனைக்கும் பள்ளியில் புவியியல் நடத்தியவள். போன வருடம் இருவரும் ஓய்வு பெற்றோம். சரி, இந்தத் தடவை நம் காரிலேயே கிழக்குக் கடற்கரைச் சாலையில் நின்று நிதானமாகப் போவோம் என்று போகிக்கு இரண்டு நாள் முன்னதாகவே கிளம்பிவிட்டோம்.

கிளம்பும்போதே வானம் மூடிக் கிடந்தது. முட்டுக்காடு பாலத்தில் கண்ணாடியை இறக்கினேன், வாடைக்காற்று முகத்தில் அறைந்தது. மாமல்லபுரத்தில் இறங்கி ஐந்து நிமிடம்கூட நிற்க முடியவில்லை. அவருடைய துண்டை வாங்கிக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன்.

'தைப்பனி தரையைத் துளைக்கும்' என்பார்கள். ஆனால் இது அந்தப் பனி இல்லை. பனிக்காலத்தில் வானம் தெளிவாக இருக்கும். பகலில் தரை வாங்கிய சூடெல்லாம் இரவில் மேலே போய்விடும். விடியற்காலை நடுங்குவோம், ஒன்பது மணிக்கு வெயில் ஏறினால் சரியாகிவிடும். இலங்கைப் பக்கம் கடலில் காற்றழுத்தத் தாழ்வு ஒன்று வந்து நின்றால் கதை வேறு. அது வடக்கிலிருந்து உலர்ந்த குளிர்காற்றை இழுக்கும். மேலே மேகம் வெயிலை மறைக்கும். இடையில் விழும் தூறல் ஆவியாகும்போது காற்றில் மிச்சமிருக்கும் சூட்டையும் எடுத்துக்கொள்ளும். ராத்திரிக் குளிர் பெரிதாக இருக்காது, பகல்தான் ஏறவே ஏறாது. தை மாதப் பகலில் 29 டிகிரி பார்க்கும் கரையில் அன்று 24-ஐத் தாண்டவில்லை. சென்னையில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரிதான். இந்தக் கரை குளிருக்குப் பழகியதில்லை.

மரக்காணத்தில் சுக்குக் காப்பிக்காக நிறுத்தினோம். எதிரே கண்ணுக்கெட்டியவரை உப்பளம். ஐப்பசி, கார்த்திகை மழைத்தண்ணீரை வடித்துவிட்டு, அடுத்த உப்புக்காகச் சேற்றை மிதித்துப் பாத்தியை இறுக்கிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் வெறுங்காலில். ஒரு பெரியவர் காப்பி வாங்க மேலே வந்தார். முழங்கால் வரை சேறு, விரலெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. "குளிரு பரவாயில்லம்மா, வெயில் வந்தாதான பாத்தி இறுகும்" என்றார். கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஆறும்வரை குடிக்காமல் அப்படியே நின்றார்.

அப்புறம் புதுச்சேரியில் ஒரு இரவு. விடுதியில் வெந்நீர் வரவில்லை என்பதைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

மறுநாள் சீர்காழி தாண்டியதும் சாலையோரம் நெல் குவியல்கள், மேலே தார்ப்பாய். அறுத்துக் கொண்டுவந்த சம்பா. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதம் வரைதான் எடுப்பார்கள். அதற்கு மேலே போனால் காயவைத்துக் கொண்டு வா என்று திருப்பிவிடுவார்கள். வெயிலே இல்லாமல் எங்கே காயவைப்பது? என் கணவர் விவசாய வீட்டுப் பிள்ளை. காரை ஓரம் கட்டிவிட்டுப் போய், காவலுக்கு உட்கார்ந்திருந்தவரிடம் கேட்டுக்கொண்டு குவியலுக்குள் கையை முழங்கை வரை விட்டார். முகம் மாறிவிட்டது. "நீயும் விட்டுப் பாரு" என்றார். விட்டேன். வெளியே அப்படிக் குளிர், நெல்லுக்குள் மட்டும் வெதுவெதுப்பு. ஒரு கணம் கைக்கு இதமாகக்கூட இருந்தது. ஈர நெல் குவிந்து கிடந்தால் இப்படித்தான் சூடாகும், அப்புறம் முளை விடும், நிறம் மாறும் என்று அவர் சொன்னதும் கையை எடுத்துவிட்டேன். தரங்கம்பாடி வரை இருவரும் பேசவில்லை.

தரங்கம்பாடியில் 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையைப் பார்க்கத்தான் போனோம். பார்த்தோம், நன்றாகவே இருக்கிறது. ஆனால் எனக்கு மனதில் நிற்பது கடற்கரையில் கருவாடு போட்டிருந்த பெண். வலை விரித்து அதன்மேல் நெத்திலி பரப்பியிருந்தார். தூறல் வந்தால் மூட வேண்டும், நின்றால் திறக்க வேண்டும். காலையிலிருந்து எத்தனை தடவை என்று எண்ணவே இல்லையாம்.

"வெயில் அடிச்சா ரெண்டே நாள்ல சுண்டிடும்க்கா. மூணு நாளா ஈரம் போகல, பாருங்க" என்று ஒரு பிடி அள்ளி என் கையில் வைத்தார். காய்ந்த நெத்திலி கையில் சலசலக்க வேண்டும், வளைத்தால் ஒடிய வேண்டும். இது வளைந்தது, விரலில் ஒட்டியது. இலேசாக வாடையும் வர ஆரம்பித்திருந்தது. பொங்கலுக்குப் பிள்ளைகளுக்குத் துணி எடுக்க நம்பியிருந்தது அந்த நெத்திலியைத்தான். என்னிடம் அதற்குச் சொல்ல வார்த்தை இல்லை. கிளம்பும்போது என் சால்வையைக் கொடுத்தேன். வேண்டாம் வேண்டாம் என்றவர், கடைசியில் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். அன்றிரவு நானும் என் கணவரும் ஒரே போர்வைக்குள் படுத்து, காற்று நிற்கிறதா என்று கேட்டுக்கொண்டே கிடந்தோம்.

போகியன்று ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். மாலையில் கோடிக்கரை வரை போய் வந்தோம். எவ்வளவோ தூரத்திலிருந்து வலசை வந்த பறவைகள் உப்பங்கழியில் ஒற்றைக்காலில் அசையாமல் நின்றன.

பொங்கல் காலையிலும் மூட்டம்தான். மாமியார் வாசலில் கிழக்கே பார்த்துப் பானை வைத்தார். பொங்கியது, குலவையிட்டோம், சூரியனைக் காணவில்லை. மணி ஒன்பதரை இருக்கும், திண்ணையின் ஓரத்தில் மங்கலாக ஒரு வெளிச்சம். கொஞ்சம் கொஞ்சமாக முற்றத்துக்கு இறங்கி வந்தது. மாமியார் சட்டென்று எழுந்து உள்ளே போய் உளுந்து முறத்தை எடுத்துவந்து அதில் வைத்தார். என் கணவர் தெருவில் இறங்கி, கண்ணுக்கு மேலே கையை வைத்து வடக்கே பார்த்தார்.

"தரங்கம்பாடியிலயும் அடிக்குமா?" என்று கேட்டார்.

"அடிக்கும்" என்றேன்.