மரத்தின் பெயரைச் சொல்லுங்கள்
(பாளையங்கோட்டையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம். நம் வீட்டுச் சாம்பாரில் மிதக்கும் சௌசௌவைப் பெங்களூர் கத்திரிக்காய் என்று சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். கத்திரிக்கும் அதற்கும் உறவே கிடையாது. சுரை, பூசணியின் குடும்பம் அது. பிறந்த நாடு மெக்சிகோ. பெங்களூர் லால்பாகின் கண்காணிப்பாளராக ஜான் கேமரூன் இருந்த காலத்தில் அந்தத் தோட்டத்தில் வளர்த்துப் பரப்பிய காய். சென்ற மாதம் மகள் வீட்டுக்குப் போனபோது லால்பாகை நேரில் பார்த்தேன்.

1760இல் ஹைதர் அலி தொடங்கியது, திப்பு வளர்த்தார். இன்று 240 ஏக்கர். கண்ணாடி மாளிகையின் முன்னால் எல்லாரும் படம் எடுக்கிறார்கள். அழகுதான். ஆனால் என்னை நிறுத்தியது ஓர் இலவ மரம். அதன் வேர்கள் தரைக்கு மேலே சுவர்போல எழுந்து நிற்கின்றன. ஒரு வேருக்கும் இன்னொரு வேருக்கும் நடுவே நான் நின்றால் வெளியே தெரிய மாட்டேன். "இலவு காத்த கிளி" என்று அறுபது வருடமாகச் சொல்லி வருகிறேன். இலவ மரத்தை நின்று பார்த்தது அன்றைக்குத்தான். அருகே பாறை ஒன்று, ஏறக்குறைய 300 கோடி வயது. அதன்மேல் உட்கார்ந்து வெகுநேரம் அந்த வெட்கத்தோடு இருந்தேன்.

அங்கே பல மரங்களில் பெயர்ப்பலகை தொங்குகிறது. ஒரு சிறுமி ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே போனாள். நம் பிள்ளைகளுக்கு அது கிடைத்திருக்கிறதா? தாவரங்களுக்கு நம் மண்ணில் குறைச்சலா? பொதிகை மலை நமக்கு இருக்கிறது. 1830களில் ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர் ராபர்ட் வைட் குற்றாலத்தில் செடி செடியாகச் சேகரித்தார். அவருக்காக ரங்கையாவும் கோவிந்துவும் இலை நரம்புவரை வரைந்த படங்களை இன்றும் தாவர அறிஞர்கள் புரட்டுகிறார்கள். நாமோ குற்றாலத்தில் மங்குஸ்தான் வாங்கித் தின்கிறோம். அது எந்த மரத்தில் காய்க்கிறது என்று நிமிர்ந்து பார்ப்பதில்லை.

ஆற்றங்கரை மருதமரத்தைச் சொல்கிறேன். வெளிறிய பட்டை, ஏடு ஏடாக உரியும்; காய்க்கு ஐந்து சிறகு. அதன் நிழலில் துணி துவைத்த தலைமுறைக்குப் பெயர் தெரியும். சென்ற வாரம் ஒரு கல்லூரி மாணவனிடம் கேட்டேன், "பெரிய மரம் ஐயா" என்றான். அவன்மேல் கோபமில்லை. சொல்லிக்கொடுக்காத நம்மேல்தான் எனக்குக் கோபம். பெயர் தெரியாத மரத்தை வெட்டும்போது, அதைக் காப்பாற்றுங்கள் என்று எதைச் சொல்லிக் கூப்பிடுவது? சாலை அகலமாகும்போது சாய்ந்தவற்றில் எத்தனை மருது, எத்தனை புளி, எத்தனை இலுப்பை என்று நம்மில் யார் எண்ணினோம்?

வருகிற ஞாயிறு காலை ஆறரை மணிக்குத் தாமிரபரணியின் குறுக்குத்துறைப் படித்துறைக்கு வாருங்கள். தகரப் பலகையும் பெயிண்டும் நான் கொண்டுவருகிறேன். ஆணி அடிக்க வேண்டாம், மரத்துக்குக் காயம். தளர்வாகக் கயிற்றில் கட்டுவோம். பெயர் தெரிந்த பெரியவர்கள் சொல்லட்டும், பிள்ளைகள் எழுதட்டும். முதல் பலகை மருதுக்கு.